காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

தமிழில் 'காணவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது பார்த்தவரைப் பற்றிய செய்தி. பின்னது பொருளைப் பற்றிய தீர்ப்பு. தேடிப்போனவர் வெறுங்கையோடு திரும்பினால் அவர் சொல்லத் தக்கது முன்னது மட்டுமே. பின்னதைச் சொல்ல வேண்டுமானால், தாம் தேடிய இடமும் நேரமும் முறையும் சரியாக இருந்தன என்று முதலில் அவர் நிறுவியாக வேண்டும். இந்த எளிய வேறுபாட்டை ஒரு காயலின் கரையில் கைவிட்டால் என்ன நேரும் என்பதே இக்கட்டுரையின் பொருள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இந்தியன் ரிவர் காயல்தான் அது. அங்கே தேடப்படும் உயிர், குதிரைலாட நண்டு.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கப்படலாம். இயற்கை என்றாலே உருகுவதற்கும் உவமை தேடுவதற்கும் உரிய ஒன்று என்று நாம் பழகிவிட்டோம். ஓர் உயிரைப் பற்றி எழுதும்போது அதன் அழகைச் சொல்கிறோம், தொன்மையைச் சொல்கிறோம், அழிவைச் சொல்லிக் கண்ணீரும் விடுகிறோம். அது எத்தனை, எங்கே, யார் எண்ணியது, எப்படி எண்ணியது என்று கேட்பதில்லை. அவை அறிவியலாரின் பாடு என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் 'இல்லை' என்ற சொல் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பது சொல்லோடு புழங்குவோர் அனைவருக்கும் உரிய வழக்கு. அதில் வாதாட நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

முதலில் இந்த உயிரைப் பற்றிச் சில செய்திகள். பெயரில் நண்டு இருப்பினும் இது நண்டன்று. சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவு. உலகில் நான்கே இனங்கள் எஞ்சியுள்ளன. மூன்று ஆசியாவுக்கு உரியவை. அவற்றுள் இரண்டு ஒடிசா, வங்காளக் கரைகளில் வாழ்கின்றன. நான்காவது, வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் லிமுலஸ் பாலிஃபீமஸ். கவிழ்த்த சட்டி போன்ற ஓடு, ஈட்டி போன்ற வால், செம்புச் சத்தால் நீலமாகும் இரத்தம். ஓட்டை உரித்து உரித்துப் பத்து ஆண்டு அளவில்தான் பருவம் எய்தும். அதன் பின் பெண், ஆணைத் தன் முதுகின் பின்னே இழுத்துக்கொண்டு கரையேறி, ஈர மணலைத் தோண்டி, ஒரு குழிக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் பார்வையின் இயக்கத்தை ஆராய்ந்து 1967இல் நோபல் பரிசு பெற்றது பெரிதும் இதன் கண்ணைக் கொண்டுதான்.

இதை எண்ணும் கலை டெலவேர் விரிகுடாவில் முதிர்ந்தது. உலகில் இந்த இனம் மிகப் பெருந்திரளாகக் கரையேறும் இடம் அது. 1990இல் தொடங்கி 1999இல் செம்மைப்படுத்தப்பட்ட அந்தக் கணக்கெடுப்பின் முறை தெளிவானது. மே, ஜூன் மாதங்களில் காருவா, வெள்ளுவா நாளன்றும், அதற்கு இரண்டு நாள் முன்னும், இரண்டு நாள் பின்னும், இரவின் உயர் ஓத நேரத்தில் தன்னார்வலர்கள் கடற்கரையில் நடக்கிறார்கள். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை மணலில் குறித்த இடைவெளியில் வைத்து, அதனுள் அகப்படும் ஆணையும் பெண்ணையும் எண்ணுகிறார்கள். ஒரு கரைக்கு நூறு சட்டங்கள். அடுத்த ஆண்டும் அதே முறை, அதற்கடுத்த ஆண்டும் அதே முறை. அதனால் ஓர் ஆண்டை மற்றோர் ஆண்டோடு வைத்துப் பார்க்க முடிகிறது. சிறப்பான முறை, இதில் நமக்குக் குறை ஏதுமில்லை.

இந்த முறை செல்லுபடியாவதற்குக் காரணம் அந்தக் கடல். உவா நாட்களில் ஓதம் மிக உயர்கிறது. அந்த உச்ச நீர்வரம்பை ஒட்டி முட்டையிட்டால் மணல் ஈரமாகவும் இருக்கும், அன்றாட அலை முட்டையைக் கிளறிவிடாமலும் இருக்கும். சில வாரம் கழித்து அடுத்தடுத்த பேரோதங்கள் வந்து குஞ்சுகளை நீருக்குள் அழைத்துக்கொள்ளும். நிலவு, நீர், முட்டை மூன்றும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. கணக்கெடுப்பாளர் அத்தாளத்துக்குள் தம் காலடியை வைக்கிறார். குதிரைலாட நண்டைக் காண எப்போது போக வேண்டும் என்று கேட்டால் இன்று பொதுவாகக் கிடைக்கும் விடையும் இதுவே: உவா நாளில், உயர் ஓதத்தில். ஃப்ளோரிடாவின் மீன் வனவிலங்கு ஆணையம் பொதுமக்களுக்குச் சொல்லும் பொது அறிவுரையும் இதுதான்.

இப்போது இந்தியன் ரிவர் காயலுக்கு வருவோம். பெயர் ஆறு என்றாலும் இது ஆறன்று. மொஸ்கிட்டோ லகூன், பனானா ரிவர், இந்தியன் ரிவர் என்னும் மூன்று நீர்ப்பரப்புகள் இணைந்த ஆழமற்ற காயல். கடலுக்கும் இதற்கும் நடுவே மணல் தீவுகள் நீளச் சுவராய் நிற்கின்றன. அச்சுவரில் வாய்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. வடக்கே பான்ஸ் வாய்க்கும் தெற்கே செபாஸ்டியன் வாய்க்கும் இடையே 130 கிலோமீட்டருக்கும் மேல். இந்த இடைவெளியில் கடலோடு தடையின்றித் திறந்த வாய் ஒன்றுகூட இல்லை. கனாவெரல் துறைமுகத்தில் 1965இல் கட்டி முடிக்கப்பட்ட, கப்பல்களைக் கடத்திவிடும் கதவுமடை மட்டும் உண்டு. எனவே வாய்க்கு அருகில் ஓதம் உணரப்படுகிறது. உள்ளே போகப் போக அது தேய்ந்து, வடபகுதியில் சில சென்டிமீட்டராய் ஒடுங்குகிறது. அங்கே நீரை ஏற்றி இறக்குவன காற்றும் மழையும் பருவமும். வடகாற்று பலமாக வீசினால் ஒரு கரை வற்றும், எதிர்க்கரை நிறையும். இலையுதிர் காலத்தில் கடல் மட்டமே உயர்வதால் காயலும் உயரும். நிலவுக்கு அந்த நீரின் மேல் அதிகாரம் குறைவு.

இயற்கை பாதி அடைத்ததை மனிதர் மேலும் அடைத்தார்கள். காயலின் குறுக்கே மண் கொட்டிச் சாலைகள் எழுப்பினார்கள். பாலம் அமைந்த இடைவெளிகளில் மட்டும் நீர் கடக்கிறது. கேப் கனாவெரலில் விண்வெளித் தளம் வந்தபோது அதற்கான சாலைகளும் வந்தன. 1950களிலிருந்து 1970களுக்குள் 40,000 ஏக்கருக்கும் மேற்பட்ட உவர்ச் சதுப்பைச் சுற்றிக் கரை எழுப்பி நீரைத் தேக்கினார்கள். உவர்ச் சதுப்புக் கொசு ஈர மண்ணில்தான் முட்டையிடும், தேங்கிய நீரில் இடாது. ஆகவே நீரைத் தேக்கினால் கொசு குறையும் என்பது கணக்கு. கொசு குறைந்தது, சதுப்புக்கும் காயலுக்கும் இருந்த போக்குவரவும் அறுந்தது. பிற்காலத்தில் அக்கரைகளில் குழாய்கள் பதித்துப் பலவற்றை மீண்டும் இணைத்திருக்கிறார்கள். ஆனாலும் காயலின் வடபகுதி நீர் புதிதாவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது.

இந்தக் காயலில் குதிரைலாட நண்டு வாழ்கிறது. நிலவும் ஓதமும் ஆளாத நீரில் அது எப்படி முட்டையிடுகிறது? கிரெச்சன் எலிங்கர், ரிச்சர்ட் டேங்கர்ஸ்லி முதலியோர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு 2003இல் வெளியாயிற்று. உவா நாளுக்காகக் காத்திராமல் ஆண்டு முழுவதும் பார்த்தார்கள். அவர்கள் கண்டது: முட்டையிடல் ஆண்டு முழுவதும் நடக்கிறது, முன்வசந்தத்தில் மிகுகிறது, நிலவின் பிறைக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஒழுங்கான கால இடைவெளியும் இல்லை. ஓதக் கடலோரங்களோடு ஒப்பிட்டால் கரையேறுவோர் தொகை மிகச் சிறிது. குஞ்சுகள் வெளிவருவதும் நாட்காட்டியைப் பார்த்தன்று. நீர்மட்டம் உயர்ந்து முட்டைக்குழியைத் தொடும்போது. நீரின் உப்பு திடீரெனக் குறைதலும் மணலோடு சேர்த்துக் குலுக்கப்படுதலும் குஞ்சு பொரிவதைத் தூண்டுகின்றன என்று அவர்களின் ஆய்வகச் சோதனைகள் காட்டின. அதாவது ஒரு காற்று, ஒரு மழை போதும். வானத்து நிலவு வேண்டியதில்லை.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். டெலவேர் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, மே மாத வெள்ளுவா இரவில் இக்காயலின் கரையில் நடப்பவர் காண்பது பெரும்பாலும் வெறும் மணலாகவே இருக்கும். அவர் நேர்மையானவர், சட்டத்தைச் சரியாகவே வைக்கிறார், பதிவேட்டில் சுழியம் எழுதுகிறார். சட்டம் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுழியம் பொய். நண்டு பிப்ரவரியில் ஒரு காற்று நாளில் வந்து போயிருக்கும். கேட்காத கேள்விக்குக் காயல் விடை சொல்லவில்லை என்பதுதான் அச்சுழியத்தின் முழுப் பொருள்.

வெண்டளையைக் கையில் வைத்துக்கொண்டு அகவலை அளப்பவரை நாம் அறிவோம். ஒவ்வொரு அடியிலும் தளை தட்டுகிறது என்பார். தட்டுவது உண்மையே. ஆனால் பிழை பாட்டில் இல்லை. அளவுகோலைத் தவறான பாவுக்கு எடுத்துவந்ததில் இருக்கிறது. அகவலுக்கு ஓசை இல்லை என்று அவர் முடிவு கட்டினால் அவரைப் புலவர் என்று யாரும் ஏற்கமாட்டார்கள். காயலுக்கு நண்டு இல்லை என்று முடிவு கட்டுபவரை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

நம் தருக்க மரபு இக்கேள்வியை என்றோ எதிர்கொண்டுவிட்டது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, அறியும் வழிகளாகிய அளவைகளை அடுக்கும்போது அபாவத்தையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. இன்மையை அறிவதும் ஓர் அறிவே என்பது அதன் கருத்து. ஆனால் அதற்கு ஒரு காவல் உண்டு. பாட்ட மீமாம்சகர் அநுபலப்தி என்னும் அளவையை ஏற்கும்போது நிபந்தனை ஒன்றை விதித்தனர்: பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலையில் காணப்படாமையே இன்மைக்குச் சான்று. நல்ல வெளிச்சத்தில் மேசைமேல் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் காணப்படாவிட்டால் அது எதற்கும் சான்றன்று. உவா இரவுக் கணக்கு இந்தக் காயலுக்கு இருட்டறை. இதைச் சொல்ல உயிரியல் பட்டம் வேண்டியதில்லை.

மாற்றுத் தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். எல்லாக் கரையிலும் ஒரே முறையில் எண்ணினால்தானே ஒரு கரையை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்? ஊருக்கு ஒரு முறை வைத்தால் கணக்குகள் ஒன்றோடொன்று பேசுமா? மேலும் ஆண்டு முழுவதும் கரையில் நடக்க ஆள் எங்கே, பணம் எங்கே? தன்னார்வலருக்கு 'இந்தப் பன்னிரண்டு இரவுகள் வாருங்கள்' என்று சொல்லலாம். 'காற்று அடிக்கும்போதெல்லாம் வாருங்கள்' என்று சொல்ல முடியுமா?

கேள்விகள் நியாயமானவை, விடை இல்லாதவை அல்ல. ஒப்பீடு என்பது ஒரே செயலைச் செய்வதால் வருவதன்று, ஒரே பொருளை அளப்பதால் வருவது. டெலவேரில் உவா இரவுக் கணக்கு, முட்டையிட வருவோரின் உச்சத்தை அளக்கிறது. காயலில் அதே இரவுக் கணக்கு எதையும் அளக்கவில்லை. இவ்விரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது ஒப்பீடு அன்று. ஒப்பீட்டின் தோற்றம் மட்டுமே. ஆள் இல்லை, பணம் இல்லை என்பது உண்மையானால், 'எண்ணவில்லை' என்று நேர்மையாக எழுதட்டும். வெற்றிடம் சுழியத்தைவிட மேலானது. வெற்றிடத்தைப் பார்ப்பவர் இனிமேல்தான் தேட வேண்டும் என்று அறிவார். சுழியத்தைப் பார்ப்பவரோ தேடி முடித்தாயிற்று என்று நினைப்பார்.

எண்ணுவதற்கு ஏன் டெலவேரில் ஆளும் பணமும் கிடைக்கின்றன, காயலில் கிடைப்பதில்லை? இதுதான் வழக்கின் மையம். எண்ணிக்கை எப்போதும் பயனின் பின்னால் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் டெலவேர்க் கரையில் இவ்வுயிரை அள்ளி உலர்த்தி உரமாக்கினார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விலாங்குக்கும் சங்குக்கும் இரையாக வெட்டினார்கள். 1990களின் பிற்பகுதியில் அட்லாண்டிக் கரை முழுவதும் அது ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டியது. தென்னமெரிக்காவின் தென்முனையிலிருந்து வடதுருவப் பகுதிக்குப் பறக்கும் ரெட் நாட் என்னும் உள்ளான் இனப் பறவை, வழியில் டெலவேரில் இறங்கி இதன் முட்டையைத் தின்றுதான் கொழுப்புச் சேர்க்கிறது. முட்டை குறைய, பறவையும் குறைந்தது. 1998இல் அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் மேலாண்மைத் திட்டம் ஒன்றை வகுத்தது. கணக்கு தேவைப்பட்டது, கணக்கு வந்தது.

அடுத்தது இரத்தம். ஃப்ரெடரிக் பேங் 1956இல் கண்ட ஓர் உண்மை, பாக்டீரிய நச்சு பட்டதும் இவ்வுயிரின் இரத்தம் உறைகிறது என்பது. அதிலிருந்து பிறந்த சோதனையை 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஏற்றது. அன்று முதல் ஊசி மருந்துகளும் தடுப்பூசிகளும் உடலில் பொருத்தும் கருவிகளும் இந்த நீல இரத்தத்தால் சோதிக்கப்பட்டு வந்திருக்கின்றன. 2022இல் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் அமெரிக்காவில் இதற்காகப் பிடிக்கப்பட்டன. இரத்தம் எடுத்துக் கடலில் விட்டவற்றுள் நூற்றுக்குப் பதினைந்து இறப்பதாக ஆணையம் கணக்கில் கொள்கிறது. இதற்கு மாற்றாக, உயிரைத் தொடாமல் ஆய்வகத்தில் உண்டாக்கும் புரதத்தைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1990களிலேயே வடிவமைத்துவிட்டார்கள். அமெரிக்க மருந்துத் தர நூல் அம்மாற்றுக்கு 2024இல்தான் இசைவளித்தது. 2025 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. வரவேற்கிறோம். ஆனால் ஓர் ஐயமும் உடன் எழுகிறது. இரத்தத்தின் தேவை வற்றும் நாளில் எண்ணுவதற்கான பணமும் வற்றுமா?

வெற்று ஐயமன்று இது. டெலவேர்க் கடற்பகுதியில் இழுவலை கொண்டு நடத்தப்படும் கணக்கெடுப்பு, இவ்வுயிரின் மேலாண்மைக்கு முதன்மையான சான்று. அதுவே 2013 முதல் 2015 வரை நிதியின்மையால் நடக்கவில்லை. மருந்துத் தொழிலும் இரைத் தொழிலும் பறவை ஆர்வலரும் ஒன்றுகூடி நிற்கும் இடத்திலேயே மூன்றாண்டு கணக்கு அறுந்தது என்றால், எந்தத் தொழிலும் நம்பியிராத ஒரு காயலின் வடமூலைக் கரையை எண்ண யார் வருவார்? பயனுள்ளதை எண்ணுவோம், பயனற்றதை எண்ணோம் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. நம் இலக்கிய வரலாறுகளும் இச்சட்டத்துக்கு விலக்கல்ல. எவர் பாடத்திட்டத்துக்கு உதவினாரோ அவர் எண்ணப்பட்டார். உதவாதவர் இருந்ததாகவே பதிவில்லை. காயலின் நண்டுக்கு நேர்வது நமக்கு அந்நியமான அநீதி அன்று.

விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். 1999 கோடையில் இந்தியன் ரிவர் காயலில் குதிரைலாட நண்டுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இறந்தவை ஒரு லட்சத்துக்குக் குறையா என்று கணிக்கப்பட்டது. அந்தக் காயலில் இருந்த அத்தனையில் அது பாதியா, கால் பங்கா, நூற்றில் ஒன்றா? இக்கேள்விக்கு விடை சொல்ல, சாவுக்கு முன்பே நெடுநாள் எண்ணிவைத்த கணக்கு ஒன்று கையில் இருந்திருக்க வேண்டும். பிணத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு உயிரோடு இருந்ததை எண்ணத் தோன்றவில்லை. இறப்பு விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே ஒரு லட்சம் இருந்தது; கீழே எழுத எண் வேண்டாமா?

2011இல் காயலில் பாசிப் பெருக்கம் நிகழ்ந்து நீரை இருட்டாக்கியது. ஒளியின்றிக் கடற்புல் அழிந்தது. அப்பெருக்கங்கள் தொடர்ந்து வந்ததில், அடுத்த பத்தாண்டுக்குள் புல்வெளியின் பரப்பில் பாதிக்கும் மேல் போயிற்று. புல்லை மேயும் மானாட்டி என்னும் பெரும் நீர்விலங்கு பட்டினியால் இறந்தது. 2021இல் ஃப்ளோரிடா முழுவதும் 1,100 மானாட்டிகள் இறந்தன. உலகச் செய்தியாயிற்று, கீரைக்கட்டுகளை நீரில் வீசி ஊட்டினார்கள். அந்த இரக்கத்தை நாம் பழிக்கவில்லை. மானாட்டி எண்ணப்பட்டிருந்தது, ஆகவே அதன் சாவு சாவாகத் தெரிந்தது. அதே இருண்ட நீரின் அடியில் ஊர்ந்த உயிருக்கு அப்படியொரு கணக்கு இல்லை. ஆகவே அதன் குறைவு செய்தியாகவில்லை. எண்ணப்படாத உயிர் இரண்டு முறை சாகிறது.

இந்த இடத்தில் யாரேனும் ஒருவர் எழுந்து, 'நாற்பத்தைந்து கோடி ஆண்டு தாக்குப்பிடித்த உயிருக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?' என்பார். இந்த வாக்கியத்தை நாம் மிகுந்த ஐயத்தோடு பார்க்கிறோம். கனடாவின் மனிடோபாவில் கிடைத்து 2008இல் விவரிக்கப்பட்ட புதைபடிவத்தின் வயது ஏறத்தாழ 44.5 கோடி ஆண்டு என்பது மெய். ஆனால் அது அவ்வுருவத்தின் வயது, இந்த இனத்தின் வயதன்று; இந்தக் காயலில் வாழும் தொகையின் வயதும் அன்று. குலம் பழையது என்பதால் அதில் பிறந்த ஆள் சாகாவரம் பெற்றவர் ஆகிவிடுவாரா? 'வாழும் புதைபடிவம்' என்ற அடைமொழியை நம் இதழ்கள் பெருமையோடு எழுதுகின்றன. அது பாராட்டுப் போலத் தோன்றினும் அதன் வேலை வேறு. அது நம்மைக் கவலையிலிருந்து விடுவிக்கிறது. டைனோசர் அழிந்தபோதும் பிழைத்தது என்பவர், அதன் முன் சாலைக்கரையும் கல்சுவரும் இருந்தனவா என்று கேட்பதில்லை. கரையில் மணல் இருக்கும் வரைதான் இவ்வுயிரின் தொன்மை. மணலுக்குப் பதில் சுவர் நின்றால் பத்தாண்டில் பருவமெய்தும் ஓர் இனத்துக்கு நாற்பத்தைந்து கோடி ஆண்டுப் பழம்பெருமை ஒரு முட்டைக்குழியையும் தோண்டித் தராது.

தாங்கும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. எலிங்கரும் டேங்கர்ஸ்லியும் 2004இல் வெளியிட்ட சோதனை அதையும் காட்டியது. கடல்நீரின் உப்பு ஆயிரத்தில் 35 பங்கு அளவு. இதன் கருக்கள் ஆயிரத்தில் 60ஐ நெருங்கும் உப்பிலும் வளர்கின்றன. வியப்புக்குரிய வலிமை. ஆனால் வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டினால் கரு வளரவில்லை. ஓதம் வந்து குளிர்விக்காத காயல்கரையின் கோடை மணலுக்கு இந்த எண் என்ன சொல்கிறது என்பதை வாசகர் ஊகிக்கலாம். மேலும், ஃப்ளோரிடாவின் அட்லாண்டிக் கரைத் தொகை வடக்குத் தொகைகளிலிருந்து மரபணுவால் வேறுபட்டது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே அழிந்தால் டெலவேரிலிருந்து வந்து நிரப்பிக்கொள்ளும் என்ற ஆறுதலுக்கு இடமில்லை.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. அந்தந்த நீரின் போக்கை அறிந்து அந்தந்த நீரில் எண்ணுங்கள். இக்காயலில் சில கரைகளைத் தேர்ந்து, உவாவைப் பாராமல், ஆண்டு முழுவதும் வாரம் ஒரு முறையேனும் நடக்க வேண்டும். ஒவ்வொரு நடையிலும் நீர்மட்டம், காற்றின் திசை, வெப்பம், உப்பு நான்கையும் நண்டின் எண்ணிக்கையோடு சேர்த்து எழுத வேண்டும். அவை இல்லாத சுழியத்துக்கு மதிப்பில்லை. கரையேறியவற்றை மட்டும் எண்ணாமல் மணலைத் தோண்டி முட்டையையும் குஞ்சையும் தேட வேண்டும். தாய் வந்த இரவை நாம் தவறவிடலாம். மணல் அதைச் சில வாரம் நினைவில் வைத்திருக்கும். ஆழமற்ற மணல்திட்டுகளில் இளம் உயிர்களையும் அவை உரித்த ஓடுகளையும் பார்க்க வேண்டும். பிடித்தவற்றுக்கு அடையாள வில்லை பொருத்தி விட வேண்டும். வாய்க்கு அருகில் ஓதம் உள்ள பகுதியையும் உள்ளே ஓதமற்ற பகுதியையும் ஒரே கூட்டுத்தொகைக்குள் கரைத்துவிடாமல் தனித்தனியே எழுத வேண்டும். இவற்றைப் பத்தாண்டேனும் தொடர வேண்டும். பத்தாண்டில்தான் இன்று பொரிந்த குஞ்சு பருவமெய்தும்; அதற்குள் நின்றுபோகும் கணக்கு ஒரு தலைமுறையைக்கூடக் காணாது.

இது சலிப்பூட்டும் வேலை. பெரும்பாலான நாட்களில் கரை வெறுமையாகத்தான் இருக்கும். புகைப்படத்துக்கு ஒன்றும் அகப்படாது. டெலவேரில் போல ஆயிரம் ஓடுகள் நிலவொளியில் மின்னும் காட்சி இங்கே கிடையாது. ஆகவேதான் இதற்குப் பணம் கிடைப்பதில்லை, எழுத்தும் கிடைப்பதில்லை. ஆனால் சரியான நாளில், சரியான நீரில், சரியான முறையில் தேடி எழுதிய சுழியமும் ஒரு அறிவு. அபாவம் அளவையாவது அப்போதுதான். அந்தச் சுழியத்தைக் காட்டி, இந்தக் கரையை இழந்துவிட்டோம் என்று ஒருவர் துணிந்து சொல்லலாம். அதைப் போலவே, பிப்ரவரிக் காற்றில் வந்த மூன்று இணைகளைக் காட்டி, இங்கே சுவர் எழுப்பாதே என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுக்கும் உதவாத கணக்கு கணக்கே அன்று.

அதுவரை இந்தக் காயலின் வெறுங்கரைகளைப் பற்றி எவரும் 'இல்லை' என்று எழுத வேண்டாம். 'காணவில்லை' என்று எழுதட்டும். அதன் பக்கத்தில், எப்போது பார்த்தோம், எப்படிப் பார்த்தோம் என்றும் எழுதட்டும்.